ஆரத்தித் தட்டில் ஒரு வேதியியல்

பிள்ளைகளோடு வீட்டில் செய்யும் அறிவியல் சோதனைகள் பற்றிய உங்கள் கட்டுரையில், சமையல் சோடாவில் வினிகர் ஊற்றி எரிமலை போலப் பொங்க வைப்பதை நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் வினிகர் வாங்குவதில்லை. எலுமிச்சைச் சாறு ஊற்றினோம், அதுவும் நுரைத்துப் பொங்கியது. ஆனால் என் மகள் திரும்பத் திரும்பக் கேட்பது மஞ்சள் தூள் சோதனையைத்தான். அதையும் சேர்த்திருக்கலாம்.

ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவி, காயவிடுங்கள். அப்புறம் பஞ்சுக் குச்சியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு எழுதச் சொல்லுங்கள். எழுத்து செம்பழுப்பாகத் தெரியும். முதல் தடவை என் மகள் 'அ' எழுதிவிட்டு, குச்சியில் சிவப்பு மை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் மறுபடி மஞ்சள்!

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஆரத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்ததும் தண்ணீர் சிவப்பது இதனால்தான். பாட்டி ஆரத்தி கரைக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சுண்ணாம்பை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சோப்பு என்றால் துணி துவைக்கும் கட்டி சோப்பு நல்லது. பாத்திரம் துலக்கும் திரவம் சிலவற்றில் காரத்தன்மை குறைவு, நிறம் சரியாக மாறாது, பிள்ளை ஏமாந்துபோகும்.

அடுத்த கட்டுரையில் நீலச் சங்குப்பூவையும் எழுதுங்கள். அதன் நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகிவிடும்.