உம்லபலபா சொல்லித் தரும்போது மூலைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்

செப்டம்பர் 24, தென்னாப்பிரிக்காவின் மரபு நாள் வந்தால் டர்பன் தமிழ் வகுப்புகளில் வேட்டி, சேலை, வடை எல்லாம் தயாராகிவிடும். விளையாட்டுகளை மட்டும் மேசையில் பரப்பி வைத்துவிடுகிறோம். பிள்ளைகள் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பத்து விளையாட்டைக் காட்ட வேண்டாம், ஒன்றை முழுசாக ஆட விடுங்கள். என்னைக் கேட்டால் உம்லபலபா, ஜூலு மக்கள் இருவராக ஆடும் பலகை ஆட்டம். சோத்தோ பேசுபவர்கள் இதையே மொரபராபா என்பார்கள்.

ஏ3 அட்டையில் 27, 18, 9 செ.மீ. பக்கமுள்ள மூன்று சதுரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வரையுங்கள். பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணையுங்கள், மூலைகளையும் இணையுங்கள். உள்சதுரத்தின் நடு வெறுமையாகவே இருக்கட்டும். மொத்தம் 24 புள்ளி. நிறைய பேர் மூலைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் அது ஐரோப்பாவின் ஒன்பது காய் ஆட்டத்துப் பலகை. மூன்று சேர்க்கக்கூடிய 20 வரிசையில் 4 போய்விடும்.

ஆளுக்கு 12 காய், இரண்டு நிறத்தில் பாட்டில் மூடி போதும். பயறு வேண்டாம், உருண்டு ஓடும். காயை மாடு என்றே சொல்லுங்கள். ஜூலுவில் இன்கோமோ. மாறி மாறி வைக்க வேண்டும். ஒரே கோட்டில் மூன்று சேர்ந்தால் எதிராளியின் ஒரு மாட்டைச் சுடலாம், அதாவது பலகையிலிருந்து எடுத்துவிடலாம். எல்லாம் வைத்தான பிறகு பக்கத்துப் புள்ளிக்கு நகர்த்தணும். மூன்றே மாடு மிஞ்சியவர் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம். இரண்டாகக் குறைந்தாலும், நகர வழியே இல்லாமல் போனாலும் தோல்வி.

சண்டை வருவது சுடுகிற இடத்தில்தான். மூன்றாகச் சேர்ந்து நிற்கும் மாட்டைத் தொடக்கூடாது, வேறு மாடே இல்லாவிட்டால் மட்டும் தொடலாம். ஒரே நகர்வில் இரண்டு வரிசை சேர்ந்தாலும் ஒன்றைத்தான் சுடணும். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஆடுபுலி ஆட்டத்தை வையுங்கள். தயவுசெய்து "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லாதீர்கள், அது இரண்டு ஆட்டத்துக்கும் செய்கிற அநியாயம். உம்லபலபாவில் இரு பக்கமும் சமம். இங்கே 23 புள்ளியில் 3 புலியும் 15 ஆடும். புலி தாண்டி வெட்டும். ஆட்டால் வெட்டவே முடியாது, சூழ்ந்து அடைக்கத்தான் முடியும். மாடு சுட்டுப் பழகிய பிள்ளை ஆட்டைத் தனியாக முன்னே விடும், பின்னால் காலியிடம் இருந்தால் புலி தாண்டிவிடும். ஜோடியாக நிறுத்தி, பின்புள்ளியை அடைக்கச் சொல்லுங்கள்.

ஜூலு பேசும் பிள்ளைகளின் பாட்டிகளையும் கூப்பிடுங்கள். வீட்டுக்கு வீடு விதி கொஞ்சம் மாறும். அன்றைக்கு எந்த விதியில் ஆடுகிறோம் என்பதை அட்டையின் பின்பக்கம் தமிழிலும் ஜூலுவிலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.