பள்ளித் தோட்டம் தட்டில் முடியட்டும்

மலேசியாவில் பள்ளித் தோட்டத்துக்குத் திட்டம் போடும் ஆசிரியர்களிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரிடமும் ஒரே வேண்டுகோள்: விதையிலிருந்து தொடங்காதீர்கள், பிள்ளையின் தட்டிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி சமைத்த கீரை, ஏறக்குறைய 30 கிராம். மொத்தம் 900 கிராம். வேரும் முற்றிய தண்டும் கழிந்து, சட்டியில் சுருங்கி இந்த அளவு நிற்க வேண்டுமானால் பறிக்கும்போது இரண்டு கிலோவாவது இருக்க வேண்டும். சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 90 சென்டிமீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பாத்தி போதும். ஒரு வகுப்புக்கு ஒரு பாத்தி. இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கும் தோட்டங்களில் பறித்த கீரை ஆசிரியர் அறையில் கட்டுக்கட்டாக விற்பனையாகிறது. வளர்த்த பிள்ளை அதை வாயில் வைத்துப் பார்த்ததே இல்லை.

இதைத்தான் மாற்றச் சொல்கிறேன். செடி வளர்ப்பதால் பிள்ளைக்குச் செடியைப் பற்றித் தெரியும். கீரை சாப்பிடும் பழக்கம் கீரையைச் சாப்பிட்டால்தான் வரும். புதிய காய் ஒன்றை ஏற்றுக்கொள்ளப் பல பிள்ளைகளுக்கு எட்டு, பத்து முறை சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு ‘அறுவடை விழா’ வைத்துப் படம் எடுத்தால் இது நடக்காது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு; பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காய்கனிகளைப் போதிய அளவு சாப்பிடுவதில்லை. இந்தியர்களிடையே நீரிழிவு எவ்வளவு கடுமை என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ‘சுக்கு சுக்கு செபாரோ’ (கால், கால், பாதி) என்ற உணவுத்தட்டுப் படத்தைச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். தட்டில் பாதி காய்கனி என்கிறது அது. அந்தப் பாதி எங்கிருந்து வருகிறது என்று காட்டத்தான் தோட்டம்.

சரி, பாத்தி. அகலம் ஏன் 90 சென்டிமீட்டர்? எட்டு வயதுப் பிள்ளை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கை நீட்டினால் 45 சென்டிமீட்டர்தான் எட்டும். அதற்கு மேல் அகலமாக்கினால் உள்ளே காலை வைப்பார்கள், மண் இறுகிவிடும். கோலாலம்பூரில் பல பள்ளிகளில் மண் தரையே இல்லை, சிமெண்டுதான். அங்கே செங்கல் அடுக்கி 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டுங்கள். அடிவரிசையில் இரண்டடிக்கு ஓர் இடைவெளி விட்டால் தண்ணீர் வடியும். பழைய சாயம் பூசிய பலகையில் ஈயம் இருக்கலாம், வேண்டாம். டயரும் வேண்டாம். உள்வளைவில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஏழெட்டு நாளில் கொசுவாகிப் பறக்கும். தோட்டம் போட்ட பள்ளியில் டிங்கி வந்தால் அடுத்த நாளே தோட்டத்தை மூடச் சொல்வார்கள், சொல்வதும் நியாயம்தான்.

மண் கலவை மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று: மேல்மண், மக்கிய உரம், ஆற்று மணல். 65 லிட்டர் பிடிக்கும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஆறு வண்டி, நான்கு வண்டி, இரண்டு வண்டி. நம் செம்மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே பாத்திக்கு 400 கிராம் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறி விடுங்கள். அதைச் செய்யாமல், இலை வெளுக்கிறதே என்று உரத்தை மேலும் மேலும் கொட்டுவதுதான் வழக்கமான தவறு. பச்சைக் கோழி எருவைப் பள்ளிக்குள் விடவே வேண்டாம். வேரைக் கருக்கும், கிருமியும் இருக்கும். பதப்படுத்தி உருண்டையாக்கியது கடையில் கிடைக்கிறது.

என்ன போடலாம்? பாடநூல் படத்தில் இருப்பது கேரட்டும் முட்டைக்கோசும். அவை கேமரன் மலைக் குளிருக்கு உரியவை. தக்காளியும் நம் சமவெளி இரவுப் புழுக்கத்தில் பூவை உதிர்க்கும், வாடல் நோய் வேறு. முதல் பயிர் சிவப்புத் தண்டுக்கீரையும் கங்கோங் என்னும் வள்ளைக்கீரையும். இரண்டும் 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வரும். பிள்ளையின் பொறுமைக்கு அந்த அளவுதான் சரி. அடுத்து வெண்டையும் பயற்றங்காயும், ஏறக்குறைய 50 நாள். வேலியோரம் ஒரு முருங்கைப் போத்து நட்டுவிடுங்கள், அது பாட்டுக்கு வளரும். பாகற்காயை முதல் ஆண்டு தொடாதீர்கள். முதல் சுவையே கசப்பானால் அந்தப் பிள்ளையை மீட்பது சிரமம்.

கீரை விதை பாத்திக்கு அரைத் தேக்கரண்டி போதும். ஒரு குவளை உலர்ந்த மணலில் கலந்து தூவச் சொல்லுங்கள். கலக்காமல் தூவினால் ஓரிடத்தில் குவியும், நெருக்கத்தில் நாற்று அழுகும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும். பாத்தியைச் சுற்றி ஒரு பிடி ரவை தூவினால் அதன் கவனம் அங்கே போய்விடும். கங்கோங் விதையை இரவு ஊறவைத்து, 10 சென்டிமீட்டருக்கு ஒரு குழியாக, குழிக்கு இரண்டு விதை.

கோலாலம்பூரின் மாலை இடிமழை ஒரே அடியில் விதையை அடித்துக்கொண்டு போகும். முளைக்கும்வரை காய்ந்த லாலாங் புல்லை மெல்லப் பரப்புங்கள், பூ விட்ட புல் கூடாது. அதன்மேல் 50 விழுக்காட்டு நிழல் வலை, பத்து நாளில் எடுத்துவிட வேண்டும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரியில் நிலைமை தலைகீழ். காலை ஒருமுறை, மதியப் பள்ளி விடுமுன் ஒருமுறை தண்ணீர் ஊற்றாவிட்டால் கீரை முற்றி நார் பாயும், பிள்ளைகள் துப்புவார்கள்.

பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. வெயில் தாழ்ந்தபின் ஆசிரியர் தெளிக்கட்டும். ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் தொட விடவே கூடாது. அதில் மூளையைத் தாக்கும் புழு இருக்கலாம். கையுறை, மூடிய காலணி கட்டாயம். எலி நடமாடும் இடத்தில் எலிச்சிறுநீர் வழியாகவும் நோய் வரும். அதனால்தான் மட்கு உரத் தொட்டியில் சோறு, குழம்பு, எலும்பு போடக்கூடாது. மூன்று பங்கு காய்ந்த இலைக்கு ஒரு பங்கு காய்கறித் தோல், வாரம் ஒருமுறை புரட்டல். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் காய்ந்த இலை குறைவு என்று அர்த்தம்.

இனிப் பறிக்கும் நாள். முதல் நாளே சிற்றுண்டிச்சாலை நடத்துநரிடம் சொல்லி வையுங்கள். அடுப்பு வேலை அவருடையது: டைபாய்டு தடுப்பூசி போட்டு, உணவு கையாளும் பயிற்சி பெற்றவர் அவர்தான். பிள்ளைகளின் வேலை காலையில் வேரோடு பிடுங்கி, வேரை வெட்டி, ஓடும் நீரில் மூன்று முறை அலசி, எடைபோட்டு எழுதுவது. இரண்டு கிலோ கீரைக்கு 300 கிராம் துவரம்பருப்பு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பூண்டு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். சுவையூட்டிக் கட்டி வேண்டாம். அதைப் போட்டால் பிள்ளைக்குக் கட்டியின் சுவைதான் பிடிக்கும். ஓய்வு நேரத்தில் சோற்றோடு வையுங்கள். சாப்பிட மறுக்கும் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம், ஒரு விரல்நுனி அளவு ருசித்தால் போதும். பத்து நாள் இடைவெளியில் மூன்று பாத்திகளை விதைத்து மூன்று வகுப்புகளும் பகிர்ந்துகொண்டால், ஆளுக்கு அளவு குறைந்தாலும், பத்து நாளுக்கு ஒரு சுவைநாள் கிடைக்கும்.

பெரும்பாலான தோட்டங்கள் சாவது ஆண்டு இறுதி விடுமுறையில். காவலாளி தண்ணீர் ஊற்றுவார் என்று நம்பாதீர்கள், அது அவர் வேலையுமில்லை. விடுமுறைக்கு ஆறு வாரம் முன்பு கடைசி விதைப்பு, இரண்டு வாரம் முன்பு கடைசிப் பறிப்பு. காலியான பாத்தியில் ஒரு முழம் நீளச் சர்க்கரைவள்ளிக் கொடிகளை 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டு விடுங்கள். மழையிலேயே படர்ந்து களையை அடக்கும். பள்ளி திறக்கும்போது அதன் இளந்தளிரே முதல் வாரத்துக் கீரை. கிழங்குக்கு இன்னும் இரண்டு மாதம் பொறுக்க வேண்டும்.