பூச்சுக்குள் போய்விட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?

உள்ளே வயர் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல், சொந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. கோண்டாவிலில் இவ்வளவு செலவழித்து மேல்மாடியில் அறை கட்டியது இதற்காகவா?

வயர் போகும் பாதைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. சுவிட்சிலிருந்தோ பிளக்கிலிருந்தோ நேராக மேலே, கீழே, அல்லது பக்கவாட்டில் போகலாம். இல்லாவிட்டால் சுவர் மூலையிலிருந்தும் உச்சியிலிருந்தும் 150 மில்லிமீற்றருக்குள் போகலாம். பின்னால் வருகிறவன் பிளக்கைப் பார்த்தே வயர் எங்கே ஓடுகிறது என்று ஊகிக்க வேண்டும், அதுதான் காரணம். இங்கே வயரிங் செய்தவர் செய்தது என்ன? வயர் போகும் பைப்பை மிச்சம் பிடிக்கிறாராம்! கிரைண்டரை எடுத்து மூலைக்கு மூலை சரிவாகச் சுவரைக் கிழித்து, மேலே சாந்தை அப்பிவிட்டார். நாலு அங்குலக் கல்லில் பாதி ஆழத்துக்கு வெட்டு. நிலைக்குத்து வெட்டு சுவர்த் தடிப்பில் மூன்றில் ஒன்றையும், கிடை வெட்டு ஆறில் ஒன்றையும் தாண்டக் கூடாது என்று சொன்னால், "நாங்கள் எத்தனை வீடு செய்திருக்கிறோம் ஐயா" என்கிறார். அந்த வீட்டுக்காரர்களை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஏசி பூட்டும் பக்கத்தில் செய்திருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சித்திரை வெயில் உள்ளே இறங்காதிருக்க மேற்குச் சுவருக்கு ரெஜிபோம், அதுதான் அந்த வெள்ளை நுரைத் தகடு, வைத்துப் பலகை அடித்தோம். அதற்குள் பைப்பே இல்லை! வெறும் கேபிளை ரெஜிபோமுக்குள் செருகி மூடியிருக்கிறார்கள். பிவிசி உறையும் ரெஜிபோமும் ஒட்டிக்கிடந்தால் உறையை வளையும்படி வைத்திருக்கும் மென்மையாக்கி மெல்ல ஊறி வெளியேறும், உறை இறுகி வெடிக்கும். சூடு வேறு. சுவரின் மேல் திறந்து ஓடும்போது 27 ஆம்பியர் தாங்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் கேபிள், அரை மீற்றருக்கு மேல் இப்படிப் போர்த்தப்பட்டால் 13.5 தான் தாங்கும். இங்கே வயரிங்குக்கு அடிப்படையாகக் கொள்ளும் பிஎஸ் 7671 விதிநூலின் கணக்கு அது. அந்தக் கேபிளுக்கு அவர் போட்டிருப்பது 20 ஆம்பியர் பிரேக்கர். ஏசியோடு ஸ்திரிக்கைப் பெட்டியையும் போட்டால் கேபிள் உள்ளே வெந்துகொண்டிருக்கும், பிரேக்கர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

கேட்டால், "ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதுதானே ஐயா, ஒன்றும் நடக்காது." ட்ரிப் சுவிட்ச் கரண்ட் கசிந்தால் விழும். கேபிள் சூடாவது அதற்கு எப்படித் தெரியும்? தொழில் செய்கிறவருக்கு இதை நான் படிப்பிக்க வேண்டியிருக்கிறது!

சோதித்துக் கையெழுத்து வைக்க வருகிறவரோ பெயின்ற் காய்ந்த பிறகுதான் வருவார். எர்த்தைப் பார்ப்பார், மீற்றரை வைத்துப் பார்ப்பார். புதுக் கேபிள், எல்லாம் சரியென்றே காட்டும். பலகைக்குப் பின்னால் கிடப்பதை அவர் எதைக் கொண்டு பார்ப்பது?

பலகையைக் கழற்றிப் பைப் போட்டு, ஏசிக்குத் தனிக் கேபிள் இழுக்கச் சொல்லிவிட்டேன். கழற்றும் கூலியில் பாதி என் தலையிலாம். ஒரு சதமும் தரமாட்டேன்.