டப்பா குலுங்குற சத்தம்

எச்.ஐ.வி மாத்திரை டப்பாவைப் பாத்திருக்கீங்களா? வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, உள்ள 30 மாத்திரை. பையில போட்டுட்டு நடந்தா கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரும். எச்.ஐ.விக்கு இலவசமா மாத்திரை குடுக்குற கவர்மெண்ட் ஏ.ஆர்.டி சென்டர்ல மாத்திரை வாங்கிட்டு வெளிய வர்றவங்கள்ல நிறைய பேர் முதல்ல போறது ஆஸ்பத்திரி டாய்லெட்டுக்குத்தான். அங்க டப்பாவைத் தொறந்து, மாத்திரை எல்லாத்தையும் ஒரு கவர்ல கொட்டி முடிச்சுப் போட்டு ஜாக்கெட்டுக்குள்ளயோ டிபன் பாக்ஸுக்குள்ளயோ வச்சுக்கிட்டு, காலி டப்பாவை அங்கயே குப்பையில போட்டுட்டு வருவாங்க. சில பேரு சத்தம் வராம இருக்க டப்பாக்குள்ள பஞ்சை அடைச்சு வச்சுக்குவாங்க. நான் எட்டு வருஷமா பாக்குற வேலையே, மாத்திரை வாங்க வராம நின்னு போனவங்களைத் தேடிப் போய்ப் பேசி திரும்பக் கூட்டிட்டு வர்றதுதான். எங்க பாஷையில எல்.எஃப்.யூ கேஸ், அதாவது 'லாஸ்ட் டு ஃபாலோ-அப்', தொடர்பு விட்டுப் போனவங்க.

போன வாரம் ஒரு கல்யாண வீட்ல சொந்தக்காரர் ஒருத்தர், நல்ல மனுஷன்தான், "கவர்மெண்டே ஓசியில குடுக்குது, ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை, அதைப் போடக்கூட இவங்களுக்கு வலிக்குதா"ன்னு கேட்டாரு. பந்தியில உக்காந்து இதுக்கு எப்படி பதில் சொல்றது. அவரே ரெண்டு நிமிஷம் கழிச்சு "எனக்கு பாயசம் வேணாம்ப்பா, சுகர் இருக்கு"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லிட்டு பாக்கெட்ல இருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கிட்டாரு. நான் சொல்ல வேண்டிய பதிலை அவரே செஞ்சு காட்டிட்டாரு, அவருக்குத்தான் தெரியல. பந்தியில உக்காந்து ஒருத்தர் எச்.ஐ.வி மாத்திரையை அப்படி எடுத்துப் போட முடியுமா? மாத்திரை போடுறது ஒரு நிமிஷ வேலைங்க, அதை ஒளிச்சு வைக்கிறதுதான் நாள் முழுக்க வேலை.

கீழ சொல்ற ஆளுங்க அடையாளம் தெரியாத மாதிரி மாத்தித்தான் எழுதுறேன்.

ஒரு அக்கா. வீட்டுக்காரர் இறந்துட்டாரு, மாமியார் வீட்லயே இருக்காங்க, அவங்களுக்கு இருக்குறது அங்க யாருக்கும் தெரியாது. மாத்திரை அரிசி டின்னுக்கு அடியில இருக்கும். ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் அடுப்படிக்குப் போயி தண்ணி குடிக்கிற மாதிரி போட்டுக்குவாங்க. நாத்தனாருக்கு கல்யாணம் வந்துச்சு. பத்து நாளு வீடு நிறைய ஆளு, அடுப்படியில ரெண்டு சமையல்காரங்க வேற படுத்துருக்காங்க. எப்படிப் போடுவாங்க? பத்து மாத்திரை மிச்சம். அடுத்த மாசம் சென்டருக்குப் போனா அங்க டப்பாவைக் கொண்டு வரச் சொல்லி மிச்ச மாத்திரையை எண்ணுவாங்க. எண்ணிப் பாத்து திட்டுவாங்கன்னு பயந்து, வர்ற வழியில பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில அந்தப் பத்தையும் போட்டுட்டு காலி டப்பாவைக் காட்டுனாங்க. ரெஜிஸ்டர்ல நூத்துக்கு நூறு மார்க்கு. இப்படியே அப்பப்ப நடந்து, ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்குற வைரல் லோடு டெஸ்ட் ரிசல்ட் வந்தப்பதான் குட்டு வெளிப்பட்டுச்சு. அன்னைக்கும் திட்டுதான் விழுந்துச்சு, எல்லார் முன்னாடியும். அதோட வர்றதையே நிறுத்திட்டாங்க. இது எந்த சென்டர்னு சொல்ல மாட்டேன். ஆனா எண்ணுற வேலையைச் செய்றவங்களும் நாளைக்கு நூறு பேரைப் பாத்து அலுத்துப் போனவங்கதான், அதையும் சொல்லிடறேன்.

இந்தத் திட்டு விஷயத்துல எனக்கு ரொம்ப நாளா கோவம் இருக்கு. பயமுறுத்தித்தான் நம்ம ஊர்ல இந்த வியாதியையே சொல்லிக் குடுத்தாங்க. "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா"ன்னு சுவரெல்லாம் எழுதி வச்ச காலம் ஞாபகம் இருக்கா? அதை சிரிச்சுப் படிச்ச தலைமுறைதான் இன்னைக்கு மாமியாராவும் முதலாளியாவும் ஹவுஸ் ஓனராவும் இருக்கு. வந்தவன் ஏதோ தப்பு பண்ணிருப்பான்ற நினைப்பு இன்னும் போகல. 2017ல சட்டமே போட்டுட்டாங்க, அடுத்த வருஷம் செப்டம்பர்ல அமலுக்கும் வந்துருச்சு, எச்.ஐ.வி இருக்குன்னு வேலையை விட்டுத் தூக்கக் கூடாது, ஒருத்தருக்கு இருக்குறதை அவர் சம்மதம் இல்லாம வெளிய சொல்லக் கூடாதுன்னு. ஹவுஸ் ஓனர் அந்தச் சட்டத்தைப் படிக்கவா போறாரு.

மாத்திரை பக்கத்துலயும் தப்பு இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. 2004 ஏப்ரல்ல தாம்பரம் மாதிரி சில ஆஸ்பத்திரியில இலவசமா குடுக்க ஆரம்பிச்சப்போ ஸ்டாவுடின்னு ஒரு மருந்து இருந்த மாத்திரைதான் பல பேருக்கு. உயிரைக் காப்பாத்துச்சு, ஆனா கொஞ்ச வருஷத்துல கன்னம் ஒட்டி கை கால்ல கொழுப்பு வத்திப் போகும், மூஞ்சியைப் பாத்தே "ஓ, இவனுக்கு அது"ன்னு ஊரு கண்டுபிடிச்சுரும். அப்புறம் எஃபாவிரென்ஸ்னு வேற மருந்து வந்துச்சு. நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருத்தர் சொன்னாரு, "போட்டா தலை சுத்துது, கெட்ட கெட்ட கனவா வருது, நான் குஜராத்துக்கு நைட் வண்டி ஓட்டுறவன், மாத்திரையப் போட்டுட்டு ஓட்டுனா எச்.ஐ.வில சாகுறதுக்கு முன்னாடி டேங்கர்ல மோதி செத்துருவேன்". அதனால லைன்ல போற நாள் எல்லாம் போட மாட்டாரு. அவரை சோம்பேறின்னு சொல்லுவீங்களா? 2020க்கு அப்புறம் டோலுடெகிராவிர்னு புது மருந்து சேர்ந்த மாத்திரைக்கு மாத்துனாங்க, இப்ப அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்ல, அவரும் ஒழுங்கா போடுறாரு. ஆனா 2022ல அந்த மாத்திரைக்கே தட்டுப்பாடு வந்து, எச்.ஐ.வி இருக்குறவங்க டெல்லியில நாக்கோ, அதாவது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆபீஸ்லயே ஒரு மாசத்துக்கு மேல உக்காந்து போராடுனாங்க. பல இடத்துல சில நாளைக்கு மட்டும் எண்ணிக் குடுத்து மறுபடி வரச் சொன்னாங்க. ஒவ்வொரு தடவை வரவும் ஒரு நாள் கூலி போகும், மேஸ்திரிகிட்ட ஒரு புதுப் பொய் சொல்லணும். நோயாளி ஒரு நாள் விட்டா லெக்சர், கவர்மெண்ட் விட்டா யாரு லெக்சர் எடுக்குறது?

இன்னொண்ணு, குடி. "குடிச்சா மாத்திரை போடக் கூடாது"ன்னு எவனோ சொல்லி வச்சுட்டான், அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. குடிய விடமாட்டாங்க, மாத்திரையைத்தான் விடுவாங்க. குடிச்சாலும் மாத்திரையைப் போடுங்கன்னு நான் சொன்னா, நீ குடிக்கச் சொல்லிக் குடுக்குறியான்னு என்னையே கேக்குறாங்க. ஆனா அதுதான் சரி. விட்ட ரெண்டு மூணு வாரத்துல வைரஸ் ரத்தத்துல மறுபடி ஏற ஆரம்பிச்சுரும், விட்டு விட்டுப் போட்டா வைரஸ் அந்த மருந்துக்கே பழகிக்கும், அப்புறம் மருந்து கேக்காது. விடாம போட்டு வைரல் லோடு டெஸ்ட்லயே தெரியாத அளவுக்குக் கொறஞ்சு அப்படியே நின்னா, உடலுறவு மூலமா கூட அடுத்தவங்களுக்குப் பரவாது. இந்த ஒரு விஷயத்தை புள்ளி ராஜா மாதிரி சுவரு சுவரா எழுதியிருந்தா பாதி டப்பாக்குப் பஞ்சே தேவைப்பட்டிருக்காது.

எனக்கு மனசுல நிக்கிற கேஸ் ஒரு பையன். பிறக்கும்போதே இருந்துச்சு. அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல, அப்பத்தா வளத்துச்சு. சின்ன வயசுல இருந்து "சத்து மாத்திரைடா கண்ணு"ன்னு குடுத்துருக்கு, வேற என்ன சொல்லும் பாவம். 13 வயசுல அவனே மாத்திரை பேரை கூகுள்ல போட்டுப் பாத்துட்டான். யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. தினமும் வாயில போடுவான், அப்பத்தா திரும்புனதும் துப்பி தலகாணி உறைக்குள்ள. உறையைத் துவைக்க எடுத்தப்போ அறுபதுக்கு மேல இருந்துச்சாம், பாதி கரைஞ்சு பஞ்சோட ஒட்டிக்கிட்டு. அப்பத்தா அதை முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வந்து என் மேசையில கொட்டுச்சு. "எல்லாரும் எங்கிட்ட பொய் சொன்னீங்கல்ல"ன்னு ஒரே ஒரு கேள்விதான் அவன் கேட்டான். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட பதில் இல்ல.

அதுக்கப்புறம் போட்டான், விட்டான், போட்டான், ரெண்டு தடவை டிபி வந்து படுத்தான். பாலிடெக்னிக் ஹாஸ்டல்ல ரூமுக்கு ஆறு பேரு, அங்க மறுபடி நின்னுச்சு. போன மாசம் அவனாவே வந்தான். இப்ப 19 வயசு, மீசையெல்லாம் வச்சுட்டான். "அண்ணே, ரெண்டு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டா போதுமாமே, வந்துருச்சா?"ன்னான். வெளிநாட்டுல இருக்குடா தம்பி, நம்ம சென்டர்ல இன்னும் மாத்திரைதான்னேன். கொஞ்ச நேரம் தரையையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் பையில இருந்து ஒரு காலி டப்பாவை எடுத்து மேசையில வச்சான். முடி கொட்டாம இருக்க விக்கிறாங்களே, அந்த மாத்திரை டப்பா. "ரூம்ல எல்லார்கிட்டயும் முடி கொட்டுதுன்னு சொல்லி வச்சுருக்கேண்ணே, இதுல மாத்தித் தர்றீங்களா?"

மாத்திக் குடுத்தேன். ஈரம் பிடிக்காம இருக்க உள்ள ஒரு குட்டிப் பொட்டலம் இருக்கும்ல, அதையும் மறக்காம எடுத்துப் போட்டேன். மூடிட்டு ஒரு தடவை காதுகிட்ட வச்சு குலுக்கிப் பாத்துக்கிட்டான்.