யார்க் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது

ஜான் ஃபோர்டின் 'ஃபோர்ட் அப்பாச்சி' (1948) படத்தில் லெப்டினன்ட் கர்னல் தர்ஸ்டேயை வெறும் வில்லனாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹென்றி ஃபோண்டா நடித்த அந்த மனிதர் கோழையல்ல, லஞ்சம் வாங்குபவரும் அல்ல. அப்பாச்சி பழங்குடியினருக்கு மட்டமான விஸ்கி விற்றுக் கொழுக்கும் அரசு ஏஜென்ட் மீச்சமைக் கண்டால் அவருக்கும் அருவருப்புதான். ஆனால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெனரலாக இருந்தவரைப் பதவி குறைத்துப் பாலைவனக் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். இழந்த பெயரை மீட்க அவருக்கு ஒரு வெற்றி உடனே வேண்டும். ஊரையும் எதிரியையும் அறிந்த கேப்டன் யார்க் (ஜான் வெய்ன்) தற்கொலை என்று தடுத்தும், பள்ளத்தாக்குக்குள் நான்கு நான்கு பேராகக் குதிரைகளைச் செலுத்துகிறார். யார்க்கைக் கோழை என்று ஏசிச் சரக்கு வண்டிகளோடு ஒதுக்கிவைக்கிறார். கடைசியில் தப்பிக்க வழியிருந்தும் தன் ஆட்களிடம் திரும்பிப் போய்ச் சாகிறார். அந்த வீரத்தை நான் மறுக்கவில்லை. அது யாரையும் காப்பாற்றவில்லை.

படை புறப்படும் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. கேப்டன் காலிங்வுட் கேட்டிருந்த இடமாற்ற உத்தரவு அப்போதுதான் வந்து சேர்கிறது. மனைவி நினைத்தால் கணவரைத் திரும்ப அழைத்துவிடலாம். அவரைக் கோழை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அழைக்காமல் நிற்கிறார். காலிங்வுட் திரும்பவேயில்லை.

பிறகு அந்த முடிவு. தர்ஸ்டேயின் வீரப் பாய்ச்சலை வரைந்த ஓவியத்தைப் பத்திரிகையாளர்கள் புகழ, அதில் எல்லாம் சரியாகவே இருக்கிறது என்கிறார் யார்க். படைப்பிரிவின் மானத்துக்காகச் சொன்ன பொய் என்று என் நண்பர்கள் வாதிடுகிறார்கள். அதே அறையில் ஒருவருக்குக் காலிங்வுட்டின் பெயர்கூடச் சரியாக வாயில் வரவில்லையே! படைப்பிரிவு உள்ளவரை மாண்டவர்களும் வாழ்வார்கள் என்று யார்க் உருகுகிறார். உண்மையான உணர்ச்சிதான், ஆனால் அவர்களைக் கொன்றது யாருடைய உத்தரவு என்பதற்கு அது பதிலாகாது.

1876இல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் பழங்குடியினரிடம் தோற்றுத் தன் ஆட்களோடு அழிந்த அமெரிக்கப் படைத் தளபதி கஸ்டரையும் இப்படித்தான் கொண்டாடினார்கள். அவருடைய மனைவி எலிசபெத், 1933இல் இறக்கும்வரை கணவரின் புகழைக் கட்டிக்காத்தார்.

இரண்டு மணி நேரம் உண்மையைக் காட்டிவிட்டுக் கடைசியில் பொய்யையும் நம் எதிரிலேயே சொல்லவைத்த ஃபோர்டை நான் மதிக்கிறேன். யார்க்கை மன்னிக்க மாட்டேன். அவருடைய வாக்கை நம்பித்தான் அப்பாச்சித் தலைவர் கொச்சீஸ் மெக்சிகோவிலிருந்து தன் மக்களோடு திரும்பி வந்தார். அந்த வாக்கைத்தான் தர்ஸ்டே பொறியாக்கினார். கொச்சீஸுக்கு நடந்த துரோகத்தைச் சொல்ல அந்த அறையில் யார்க் ஒருவரால்தான் முடியும். அவரோ தர்ஸ்டே அணிந்ததைப் போன்ற தொப்பியை மாட்டிக்கொண்டு இன்னொரு அப்பாச்சித் தலைவரான ஜெரோனிமோவைத் தேடிக் கிளம்புகிறார்.