வியர்த்தால் டாக்டரிடம் போகத்தான் போவோம்

போன வாரப் பதிவுக்குக் கீழே அந்த அண்ணன் எழுதியதை எல்லோரும் பார்த்தாச்சு. "எங்கம்மா ஆறு பிள்ளை பெத்தவங்க, ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்ல. இப்ப இருக்கறவங்களுக்கு வியர்த்தாலே டாக்டர்." அதற்குச் சிரிப்பு ஈமோஜி போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. சரி, போகட்டும் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

நான் எழுதியது இவ்வளவுதான்: பெரிமெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருஷத் தொந்தரவு தாங்காமல் மகளிர் மருத்துவரைப் பார்த்தேன், நீங்களும் பாருங்கள். இதில் யார் குடி கெட்டது?

வியர்ப்பதைப் பற்றி அண்ணனுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். மார்கழி மாசம், ராத்திரி மூன்று மணி. நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காது மடல் வரை ஏறும். படபடவென்று அடித்துக்கொள்ளும். நைட்டியின் முதுகுப்பக்கம் பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும். எழுந்து ஃபேனை ஐந்தில் வைத்தால், பக்கத்தில் படுத்திருப்பவர் போர்வையை இழுத்துக்கொண்டு "குளிருதே" என்பார். பத்து நிமிடத்தில் எனக்கும் குளிரும். அப்புறம் விடியும்வரை கொட்டக் கொட்ட முழித்திருக்க வேண்டியதுதான். காலையில் ஆபீசில் பக்கத்து சீட் பெண்ணின் பெயர் வாயில் வராது.

முதலில் பார்த்த ஒரு டாக்டர் இசிஜி எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, டென்ஷனைக் குறைங்க, கோயில் குளம்னு போங்க" என்றார். மகளிர் மருத்துவர்தான் உட்கார வைத்துப் பேசினார். தைராய்டு, ஹீமோகுளோபின், ஸ்கேன் பார்த்தார். கருமுட்டை ஒழுங்காக வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் குறையும், ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறி ஏறி இறங்கும், அதனால்தான் ஒரு மாதம் வராமலும் அடுத்த மாதம் கொட்டியும் தீர்க்கிறது என்றார். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில வருஷம் முன்பே இந்தக் கூத்து ஆரம்பித்துவிடும்.

"இயற்கையானதுதானே, இதுக்கெதுக்கு வைத்தியம்?" கண்புரையும் இயற்கைதான். உங்கள் அப்பாவுக்கு ஏன் ஆபரேஷன் செய்தீர்கள்?

"ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டா கேன்சர் வரும்." இந்தத் தொந்தரவுக்கு டாக்டர் தருகிற ஹார்மோன் மாத்திரையைத்தான் சொல்கிறார்கள். இது கொஞ்சம் நியாயமான பயம், மறுக்கவில்லை. 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வு கிளப்பிய பயம் அது. ஆனால் அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63, நம்மைவிட ரொம்ப மூத்தவர்கள். அந்த மாத்திரை அட்டைகளில் இருந்த கடுமையான எச்சரிக்கையை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2025 நவம்பரில் அறிவித்தது. எல்லோருக்கும் ஆகாது, சரிதான். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தம் உறையும் தொல்லை உள்ளவர்களுக்கு வேறு மருந்து பார்ப்பார்கள். யாருக்கு எது ஆகும் என்று சொல்லத்தானே டாக்டர்? வாட்ஸ்அப் மாமா சொல்வாரா?

உளுந்தங்களி சாப்பிடச் சொன்னவர்களுக்கு: சாப்பிடுகிறேன். நல்லெண்ணெய் ஊற்றித்தான்.

எங்கம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை, அண்ணா. பழைய காட்டன் சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வாள். அலசிய துணியைக் கொல்லைக் கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவாள். கேட்டால், "நிக்கப் போற வயசு, அப்படித்தான் கொட்டும்" என்பாள். ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்த அன்று ஹீமோகுளோபின் 6. ரத்தம் ஏற்றினார்கள், பிறகு கர்ப்பப்பையையே எடுத்தார்கள். முன்னாடியே வந்திருந்தால் மாத்திரையிலேயே பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அவருக்குச் சுகர் மாத்திரை வாங்க மாசாமாசம் டவுனுக்குப் பஸ் ஏறிப் போய் வந்தது அம்மாதான்.

உங்கம்மாவுக்கு ஒன்றுமே இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆறு பிள்ளைகளில் எந்தப் பிள்ளை கேட்டது?

இன்பாக்ஸில் டாக்டர் நம்பர் கேட்டவர்களுக்கு அனுப்பிவிட்டேன். சிரித்தவர் ஒருவரின் மனைவியும் கேட்டிருந்தார். பெயர் சொல்ல மாட்டேன்.

காசில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரி மகளிர் பிரிவுக்குப் போங்கள். கூட்டம் இருக்கும், திட்டுவார்கள், பரவாயில்லை. ஒரு வருஷம் நின்றுபோன பிறகு மறுபடி ஒரு சொட்டு ரத்தம் பட்டால் கூட, தாமதிக்காமல் போய்க் காட்டுங்கள். வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறீர்களே, அதை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடியுங்கள்.