'உலகின் தலைசிறந்த 2% விஞ்ஞானிகள்': ஸ்டான்ஃபோர்டு தரும் விருது அல்ல

"அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் எங்கள் பேராசிரியரைத் தேர்ந்தெடுத்து விருது வழங்கியுள்ளது" என்ற வாட்ஸ்அப் செய்தி பல கல்லூரிகளின் பெயரில் சுற்றுகிறது. சில இடங்களில் வாசலில் பிளெக்ஸே வைத்தாயிற்று.

'தலைசிறந்த 2% விஞ்ஞானிகள்' என்ற பட்டியல் உண்மை, விருது என்பதுதான் தவறு. விண்ணப்பமோ நடுவர் குழுவோ கிடையாது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் உடன் ஆய்வாளர்களும் எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தின் ஸ்கோபஸ் (ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளம்) தரவிலிருந்து கணக்கிட்டு வெளியிடுவது இது. மொத்த மேற்கோள் (பிற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டியுள்ளன என்பது), எச்-இண்டெக்ஸ் (தலா பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் அது 10) உட்பட ஆறு அளவுகளைச் சேர்த்து ஒரே மதிப்பெண் ஆக்குகிறார்கள். அதில் உலக அளவில் முதல் ஒரு லட்சத்துக்குள் வருபவர்களும், தங்கள் உட்துறையில் முதல் 2 சதவீதத்தில் இருப்பவர்களும் இடம்பெறுவார்கள்.

கூட்டாக எழுதிய கட்டுரைக்கு ஆறில் ஓர் அளவு தனிக் கணக்கு வைத்திருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து எழுதியிருந்தால் அங்கே ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்குதான். வேறு மூன்று அளவுகள், தனியாகவோ முதல் அல்லது கடைசி ஆசிரியராகவோ எழுதியவற்றைப் பார்க்கின்றன. நடுவில் பெயர் மட்டும் இருந்தால் அவற்றில் பலனில்லை. இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

அப்புறம், பட்டியல் இரண்டு: வாழ்நாள் முழுமைக்கும் ஒன்று, ஓராண்டுக்கு மட்டும் ஒன்று. பாராட்டுச் செய்திகள் எது என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

எல்செவியரின் தரவுக் களஞ்சியத்தில் எக்செல் கோப்பு இலவசமாகவே கிடைக்கிறது. பெயரைத் தேடினால் தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டிய சதவீதமும் தெரியும். பேராசிரியரைத் தாராளமாக வாழ்த்துங்கள். 'ஸ்டான்ஃபோர்டு விருது' என்ற செய்தியை மட்டும் இனி அனுப்ப வேண்டாம்.